ஓ.எம்.ஆர். போலாம் ரைட்!

மத்திய கைலாஷில் ஆரம்பித்து சிறுசேரி வரை சுமார் இருபது கிலோமீட்டர். போர்டில் இருப்பது ராஜீவ் காந்தி சாலை. ஆனா, யாரைக் கேட்டாலும் 'ஓ.எம்.ஆர்.'தான்! சாஃப்ட்வேர் வேலைதான் லட்சியம்னா, ஃபைனல் இயருக்கு முன்னாடி ஒருதரம் இந்த ரோட்டுல பஸ்ல போய்ப் பாருங்க. ஜன்னல் சீட் முக்கியம்!

முதலில் தரமணி டைடல் பார்க். டிட்கோ, எல்காட் என்ற இரண்டு அரசு நிறுவனங்கள் சேர்ந்து ஆரம்பித்ததால் அந்தப் பெயர். 2000 ஜூலையில் திறந்தாங்க. கொஞ்சம் தள்ளி எஸ்.ஆர்.பி. டூல்ஸ் ஸ்டாப். ஒரு தொழிற்சாலையின் பேரு, சுத்திலும் சாஃப்ட்வேர் வந்த பிறகும் நிலைச்சு நிக்குது. தொழில் மாறின மாதிரி லாங்வேஜும் மாறும். அதனால ஜாவாவா, பைத்தானானு சண்டை போடாம ஒண்ணை உருப்படியா கத்துக்குங்க.

கந்தன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம்... ரெண்டு பக்கமும் கண்ணாடி பில்டிங். உள்ளே போய் இன்டர்வியூவில் உட்கார்ந்தா, கேள்வி என்னவோ சிம்பிள்தான். '1 முதல் 100 வரை பிரின்ட் பண்ணு. 3-ஆல் வகுபட்டா ஃபிஸ், 5-ஆல் வகுபட்டா பஸ், ரெண்டாலும் வகுபட்டா ஃபிஸ்பஸ்.'

ப்பூ, இவ்ளோதானானு 'இஃப்'ல 3-ஐயும், 'எல்ஸ் இஃப்'ல 5-ஐயும், கடைசியா 15-ஐயும் போட்டீங்கன்னா அவுட்! 15 வரும்போது முதல் 'இஃப்'லயே ஃபிஸ்னு பிரின்ட் ஆகி முடிஞ்சிடும். 15-ஐத்தான் முதல்ல செக் பண்ணணும். எழுதி முடிச்சதும் 3, 5, 15, 16-னு நாலு நம்பரைப் போட்டு பேப்பரிலேயே ஓட்டிப் பாருங்க. ஏன் அந்த வரிசைனு வாய்விட்டுச் சொல்லுங்க. அவங்க பார்க்கறது அதைத்தான்.

சோழிங்கநல்லூர் தாண்டும்போது ஒரு விஷயம்... 'டெபாசிட் கட்டினா இந்த ரோட்டுலயே வேலை'னு யாராவது சொன்னா, அடுத்த பஸ் பிடிச்சு வீட்டுக்கு வந்துடுங்க. வேலை கொடுக்கறவங்கதான் சம்பளம் தரணும், நாம இல்ல!

கடைசியா சிறுசேரி சிப்காட். டி.சி.எஸ்.ஸின் பிரமாண்ட கேம்பஸ் இங்கேதான். இந்த மாதிரி கேட்டுக்குள்ள போக ஐ.டி. கார்டு வேணும். அதுக்கு, ரெஸ்யூமில் அடுக்கின பதினஞ்சு கோர்ஸை விட நீங்களே எழுதின ஒரே ஒரு ப்ராஜெக்ட் பெருசு. காசு கொடுத்து வாங்கினதா இருந்தா ரெண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துடும் பாஸ். உங்க காலேஜ் பஸ் எத்தனை மணிக்கு எந்த ஸ்டாப்னு காட்டுற குட்டி ப்ரோக்ராம்... அதை இந்த வாரமே ஆரம்பிங்க!