அலுமாரிக்குப் பின்னால் ஓர் அறை

பிற தேசங்களுக்குச் செல்வோர் கோபுரங்களையும் மாளிகைகளையும் கண்டு களித்துத் திரும்புவது வழக்கம். நாமும் ஜேர்மனியின் தலைநகராகிய பேர்லினில் இரண்டு நாட்களை அவ்வாறே கழித்தோம். மூன்றாம் நாளை மட்டும், இரண்டாம் உலக யுத்தத்தின்போது மனிதர் ஒளிந்திருந்த இடங்கள் இரண்டைத் தேடிப் பார்ப்பதற்கென ஒதுக்கிக்கொண்டோம்.

முதலில் நாம் தேடிச் சென்றது ஹிட்லரின் நிலவறை இருந்த இடத்தை. பூமிக்கு அடியில், மிகுந்த கனமுடைய கொங்கிறீற்றுக் கூரையின் கீழ் ஒடுங்கியிருந்த அச்சர்வாதிகாரி, 1945 ஆம் ஆண்டு ஏப்ரல் 30 ஆந் திகதி அங்கேயே தன்னுயிரை மாய்த்துக்கொண்டான். இன்று அங்கே காண்பதற்கு என்ன உண்டு? மோட்டார் வண்டிகள் நிறுத்தும் ஒரு வெளியும், சுற்றிலும் மாடிக் குடியிருப்புகளுமே உண்டு. 2006 இல் நாட்டப்பட்ட ஓர் அறிவிப்புப் பலகை இல்லாவிடின் நாம் அவ்விடத்தைக் கடந்தே சென்றிருப்போம்.

அருகிலுள்ள வீதிக்குக் கெர்ட்ரூட் கொல்மார் என்னும் யூதப் பெண் கவிஞரின் பெயர் சூட்டப்பட்டிருக்கின்றது. 1943 இல் பேர்லினிலிருந்து அவுஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டவர் அவர். கொல்வித்தவனின் மறைவிடம் வண்டித் தரிப்பிடமாகிவிட, கொல்லப்பட்டவரின் பெயர் வீதியில் நின்று நிலைக்கின்றது. காலம் தாமதித்தேனும் தீர்ப்பு வழங்கிவிடுகின்றது என எண்ணிக்கொண்டோம்.

அடுத்து நாம் சென்றது றோசன்தாலர் வீதியின் 39 ஆம் இலக்கக் கட்டடத்திற்கு. ஒடுங்கிய முற்றமொன்றைக் கடந்து படியேறினால், ஒற்றோ வைற் என்பவர் நடத்திய சிறு தொழிற்சாலையை அடையலாம். இன்று அது ஒரு நூதனசாலை. பிறசுகளும் துடைப்பங்களும் செய்த அவருக்குக் கண்பார்வை பெரிதும் மங்கியிருந்தது. அவரிடம் வேலை செய்தோருட் பலர் பார்வையற்ற, செவிப்புலனற்ற யூதர்கள். இராணுவத்திற்கும் பொருள் வழங்கியமையால், யுத்தத்திற்கு அவசியமான தொழிலென அரசாங்கம் அதனை அங்கீகரித்திருந்தது. அந்த அங்கீகாரத்தையே அவர் தம் தொழிலாளருக்குக் கேடயமாக்கினார். ஒருமுறை இரகசியப் பொலிசார் அவர்களைப் பிடித்துச் சென்றபோது, இவர்களின்றி இராணுவத்தின் வேலை நடவாது என வாதாடி மீட்டு, வீதி வழியே தாமே அழைத்து வந்தார்.

தொழிற்சாலையின் கடைசி அறைக்குச் சன்னல் இல்லை. அதன் வாயிலை ஓர் உடுப்பு அலுமாரி மறைத்து நின்றது. அதற்குப் பின்னால் 1943 இல் ஹோர்ன் குடும்பத்தினர், தாய் தந்தையரும் மக்கள் இருவருமாக நால்வர், மாதக் கணக்கில் ஒளிந்திருந்தனர்.

அவ்வறையினுள் நாம் நின்றபோது, உடன் வந்த மனைவியார் மெல்லிய குரலில், "இருமல், தும்மல் வந்தால் என்ன செய்திருப்பினம்?" என்று கேட்டார். எம்மிடம் விடை இல்லை.

அக்குடும்பத்தை ஒருவன் காட்டிக்கொடுத்தான். நால்வரும் அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டு மாண்டனர். வைற் எல்லோரையும் காக்க இயலாதவராய், ஆயினும் சிலரைக் காத்தவராய், 1947 இல் காலமானார். 1971 இல் இஸ்ரவேலின் யாத் வாஷெம் நிறுவனம் அவரைக் கௌரவித்தது.

அலுமாரியை நகர்த்தி இடங்கொடுத்தவரும், அதற்குப் பின்னால் ஆள் உண்டு எனச் சொன்னவனும் ஒரே நகரில் வாழ்ந்தவர்கள். இத்தகைய வரலாறுகளைப் படிக்கும்போதெல்லாம் நாம் முன்னவரின் பக்கத்திலேயே நம்மை நிறுத்திக்கொள்வது வழக்கம். அந்த இருட்டறையில் அத்துணிவு எம்மைக் கைவிட்டது. காரணம், முந்திய இரவு நாம் தங்கிய விடுதியில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி.

நள்ளிரவு வேளையில் எம் அறைக் கதவை யாரோ தட்டினார்கள். விளங்காத மொழியில் ஏதோ சொன்னார்கள். நாம் விளக்கை அணைத்து, மூச்சையும் அடக்கிக்கொண்டு படுத்திருந்தோம். தட்டியவர் அடுத்த அறையில் இருந்த மூதாட்டி என்பதையும், தம் கதவின் பூட்டுத் திறபடாது நெடுநேரம் நடையில் நின்றார் என்பதையும் காலையிலேதான் அறிந்தோம். ஆபத்து எதுவுமற்ற ஒரு தட்டலுக்கே கதவைத் திறவாதவர்கள், உயிருக்கு அஞ்சி ஒருவர் வந்து தட்டினால் திறந்திருப்போமா?

இக்கேள்வியுடனேயே படியிறங்கினோம். வழியில் மனைவியாரும் நாமும் அதிகம் பேசவில்லை. அன்று மாலை விடுதிக்குத் திரும்பியதும், எம் அறைக்குச் செல்லுமுன் அம்மூதாட்டியின் கதவை நாமே சென்று தட்டினோம். அவர் உடனே திறந்தார்.