தண்ணீர் வரும் தேதி

ஜூன் 7

அப்பா போய் எட்டு நாள். இன்று அவருடைய பீரோவின் மேல்தட்டை ஒழித்தேன். ஒரு ரசமட்டம், நூல் சுற்றிய தூக்குகுண்டு, ரப்பர் பேண்டு போட்ட பாக்கெட் டைரிகள். பொதுப்பணித்துறையில் சேர்ந்த நாளிலிருந்து எழுதியவை. ஒரு நவம்பர் பக்கம்: “தலைமதகு இரண்டு ஷட்டர் இறக்கியாச்சு. பாப்பாவுக்கு ஜுரம் 102. கரை பரவாயில்லை.”

அந்த ராத்திரி அப்பா வீட்டில் இல்லை என்பதை மட்டும் இத்தனை வருஷம் ஞாபகம் வைத்திருந்தேன். கரையில் நின்றுகொண்டு என் ஜுரத்தை அவர் குறித்து வைத்தது எனக்குத் தெரியாது.

ஜூன் 8

மேட்டூரில் ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல். எங்கள் வீட்டில் தீபாவளி, பொங்கலுக்கு மேல் இந்த இரண்டு தேதிகள்தான். தண்ணீர் ஓடும்போது கரைக்காவல். நின்றதும் தூர் வாருவது, மதகுப் பழுது. எங்கள் கோடை விடுமுறை அந்த வேலையின் நடுவில் வந்து விழும். ஊட்டி, கொடைக்கானலெல்லாம் கிடையாது. காய்ந்த வாய்க்காலுக்கு ஜீப்பில் கூட்டிப்போவார். மதகுக் கதவின் பற்களில் கிரீஸ் தடவியபடி சொல்வார்: “இது ஏழு மாசம் தண்ணிக்குள்ள நிக்கணும் பாப்பா. இப்பதான் நாம அதைக் கவனிக்க முடியும்.”

வீடு கட்டியபோதும் அப்படித்தான். தளம் போட்ட மறுநாளே மொட்டை மாடியில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார். மேஸ்திரி போதும் என்ற பிறகும் விடவில்லை. காலையும் மாலையும் ஏறிப்போய் விரலை விட்டுப் பார்ப்பார். இன்றுவரை அந்தத் தளம் ஒரு மழைக்கும் ஒழுகியதில்லை.

ஜூன் 10

அப்பாவோடு கரைக்காவலுக்கு நின்ற பழைய லஸ்கர் ஒருவர் துக்கம் கேட்க வந்தார். எண்பதை நெருங்கியிருப்பார். அம்மா காபி கொடுத்தும் குடிக்கவில்லை, டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

“வெள்ளத்துல எல்லாரும் தண்ணி எவ்வளவு ஏறுதுன்னு ஆத்தையே பாத்துக்கிட்டிருப்போம். ஐயா மட்டும் கரைக்கு வெளிப்பக்கம் எறங்கி டார்ச் அடிப்பாரும்மா. நண்டு வளை, எலி வளை வழியாக் கசியும் பாருங்க, அது தெளிஞ்சு வந்தா, ‘இருக்கட்டும், பாத்துக்க’ம்பாரு. கலங்கி வந்தா மணல் மூட்டைக்கு ஆளை ஓட்டிருவாரு.”

தெளிந்த நீர் வெறுமனே கசிகிறது. கலங்கிய நீர் கரையின் மண்ணை உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகிறது. விட்டால் விடிவதற்குள் உடைப்பு, ஊர் வயலெல்லாம் மணல். மார்பளவு இருட்டில் அதைத் தேடிக் குனிந்து நடந்த மனிதர், வீட்டுக்கு வந்தால் சத்தமில்லாமல் கதவைத் திறந்து எங்கள் நெற்றியைத் தொட்டுவிட்டுப் போவார். தூங்குவதுபோல் கிடப்பேன். கை சில்லென்றிருக்கும், சேற்று வாசனை அடிக்கும்.

ஜூன் 12

மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். டிவியில் காட்டியபோது அம்மா பழக்கத்தில் சத்தத்தைக் கூட்டினாள். பிறகு நாற்காலியைப் பார்த்தாள், குறைத்துவிட்டாள்.

1934இல் கட்டி முடித்த அணை, 120 அடி. அதே காலத்தில் வெட்டியதுதான் கல்லணைக் கால்வாய், நம் ஊர்ப் புது ஆறு. அதன் கரையில் அப்பாவின் பாதி ஆயுள் போயிற்று.

ஜூன் 17

கருமாதி முடிந்து இன்றுதான் அம்மா வாசலைத் தாண்டினாள். பெரிய கோயில் பக்கம் புது ஆற்றுப் பாலத்தில் நின்றோம். முதலில் சருகும் நுரையும் உருண்டு வந்தன. பின்னால் பழுப்புத் தண்ணீர், அவசரமில்லாமல், பள்ளம் பள்ளமாக நிரப்பிக்கொண்டே வந்தது. இரண்டு சிறுவர்கள் அதற்கு முன்னால் ஓடினார்கள்.

“மணி பாரு,” என்றாள் அம்மா.

நாலு இருபது.

இந்த வருஷத்து டைரியை எடுத்து வந்திருந்தாள், இடுப்பில் செருகி. எனக்குத் தெரியாது. பேனாவும் இருந்தது.