நொடிக்கு எத்தனை கடிதங்கள்

தொண்ணூறுகளின் முற்பகுதியில் என் நண்பர் ஒருவர் ஒரு சிறிய நிரல் எழுதினார். அந்த நிரல் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். கடிதங்களைப் பிரித்து அடுக்கும் வேறொரு நிரலை ஓடவிட்டு, அது நொடிக்கு எத்தனை கடிதங்களைக் கையாள்கிறது என்று கணக்கிட்டுத் திரையில் ஓர் எண்ணைக் காட்டும். இதை எதற்கு ஒருவர் எழுத வேண்டும், எதற்கு இன்னொருவர் அதைப்பற்றி இத்தனை ஆண்டுகள் கழித்து எழுத வேண்டும் என்று வாசகர்கள் கேட்பது நியாயம். கொஞ்சம் பொறுமை வேண்டுகிறேன்.

இணையம் இங்கே பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அதற்கு முன்பே தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினிகள் பேசிக்கொண்டிருந்தன. பிபிஎஸ் என்று மூன்றெழுத்தில் அழைக்கப்பட்ட மின்பலகைகள் அவை. 1978 பிப்ரவரியில் சிகாகோவில் வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் முதல் பலகையை இயக்கினார்கள். 1984இல் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கிய ஃபிடோநெட் இந்தத் தனித்தனிப் பலகைகளைக் கோத்து ஓர் அஞ்சல் வலையாக்கியது. பெங்களூரில் அதுல் சிட்னிஸ் 1989 முதல் சிக்ஸ் என்ற பலகையை நடத்திவந்தார். பம்பாயில் லைவ் வயர் இருந்தது. சென்னையில் என் நண்பர் நடத்தியது அவற்றோடு ஒப்பிடத் தகாத ஒரு சின்னப் பலகை. மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடி அறை, ஒரு கணினி, ஒரு மோடம், ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு. நிரலின் கதை இந்த 'ஒரே ஒரு' என்பதில்தான் இருக்கிறது.

அன்றைய டாஸ் இயங்குதளம் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். இரவு பதினொன்றுக்கு மேல் எஸ்டிடி கட்டணம் கால் பங்காகக் குறையும் நேரத்தில் நண்பரின் கணினி வெளியூர்ப் பலகையை அழைத்து அன்றைய அஞ்சல் மூட்டையை வாங்கிக்கொள்ளும். மூட்டை என்று உருவகமாகச் சொல்லவில்லை. கடிதங்கள் எல்லாம் சுருக்கப்பட்டு ஒரே கோப்பாகத்தான் வரும். திங்கட்கிழமை மூட்டையென்றால் கோப்புப் பெயரின் வாலில் 'எம்ஓ', செவ்வாயென்றால் 'டியூ' என்று கிழமையின் முதல் இரண்டு எழுத்துகள் ஒட்டியிருக்கும். அதன்பின் டாஸர் என்ற நிரல் மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொரு கடிதத்தையும் எடுத்து, முன்பே வந்ததா என்று பார்த்து, உரிய பகுதியில் போட வேண்டும். தபால் நிலையத்தில் அறைகள் கொண்ட மரப்பலகைக்கு முன் நின்று கடிதங்களைப் பிரித்து வீசுபவரின் வேலைதான். பெயரும் அப்படி வந்ததுதான். அது முடியும்வரை கணினி வேறு யாருக்கும் பதில் சொல்லாது. வெளியே யாராவது அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். டாஸர் மெதுவாக ஓடினால் பலகை அத்தனை நேரம் மூடிக்கிடக்கும்.

ஆகவே எந்த டாஸர் வேகமானது என்பது அந்தச் சிறிய உலகத்தில் பெரிய விவாதம். நண்பருடைய நிரல் ஒரே மாதிரியான மாதிரி மூட்டை ஒன்றைத் தானே தயாரித்து ஒவ்வொரு டாஸருக்கும் கொடுத்து நேரம் பார்த்தது. அதில் நான் கற்றுக்கொண்டவை பல. டாஸின் கடிகாரம் நொடிக்குப் பதினெட்டு முறைக்குச் சற்று மேல்தான் துடிக்கும், ஆகவே ஐம்பத்தைந்து மில்லி நொடிக்குக் குறைவான எதையும் அது அறியாது, பத்துக் கடிதங்களை வைத்து அளந்தால் விடை பொய், ஆயிரம் வேண்டும். கடிதங்களைச் சேமிக்கும் முறையும் வேகத்தை மாற்றியது. பழைய ஃபிடோ முறையில் ஒவ்வொரு கடிதமும் ஒரு தனிக் கோப்பு. இருநூறு எழுத்துள்ள கடிதம்கூட வட்டில் இரண்டாயிரம் எழுத்துக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரே அடைவில் கோப்புகள் ஆயிரங்களில் பெருகப் பெருக, புதிய கோப்புக்கு இடம் தேட முதலிலிருந்து கடைசிவரை நடக்க வேண்டியிருப்பதால் வேகம் சரியும். ஹட்சன் என்ற முறை எல்லாக் கடிதங்களையும் சில பொதுக் கோப்புகளில் கொட்டியது. அது வேகமானது. ஆனால் இருநூறு பகுதிகளுக்கு மேல் தாங்காது, மொத்த எழுத்துகளும் பதினாறு மெகாபைட்டைத் தாண்டக்கூடாது. ஸ்க்விஷ், ஜாம் போன்ற பிற்கால முறைகள் இந்தத் தொல்லைகளைத் தீர்க்க வந்தவை. முன்பே வந்ததா என்ற சோதனையை நிறுத்திவிட்டால் எந்த டாஸரும் பாய்ந்து ஓடும். சிலர் அப்படி நிறுத்திவிட்டுத்தான் தங்கள் எண்களைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

நான் பொறியாளன் அல்லன். ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். நண்பரின் அறையில் என் இடம், இரவில் தேநீர் வாங்கி வருபவன் என்பதோடு, உத்திரமேரூருக்குக் கடிதம் கொண்டுபோகிறவன் என்பதும். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். அவருடைய மகன் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறை அலுவலகத்தில் கணினிப் பிரிவில் ஒப்பந்த வேலையில் இருந்தான். அங்கிருந்த பலகை ஒன்றில் அவனுக்குக் கணக்கு இருந்தது. அவன் எழுதும் கடிதம் ஃபிடோநெட் வழியாக நண்பரின் அறைக்கு வரும். நண்பர் புள்ளி அச்சுப்பொறியில் அடித்துத் தருவார். நான் சனிக்கிழமை தாம்பரத்தில் பேருந்து ஏறி, செங்கல்பட்டு வழியாக ஊருக்குப் போவேன். அப்போது அது செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். காஞ்சிபுரம் மாவட்டம் பிறந்தது 1997இல்தான்.

நொடிக்கு இத்தனை என்று பிரிக்கப்பட்ட கடிதம் கடைசி தொண்ணூறு கிலோமீட்டரைக் கடக்க மூன்று நாள், சில வாரங்களில் ஐந்து நாள் எடுத்துக்கொண்டதை அப்போது நாங்கள் வேடிக்கையாகப் பேசியிருக்கிறோம். வாத்தியாருக்கு அது வேடிக்கையாக இல்லை. தந்தி யுகத்து மனிதர் அவர். தந்தித் தாளில் கொடுத்த நேரம், ஊர் எல்லாம் இருக்கும். அவற்றைப் பார்த்த பிறகுதான் செய்தியைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிற தலைமுறை. ஃபிடோ கடிதத்தின் தலையிலும் நாளும் மணியும் நொடிவரை இருந்தன. முதல் தாளைக் கையில் வாங்கியதும் அவர் பார்த்தது அதைத்தான்.

"இது எந்த ஊர் மணி தம்பி?"

அங்குள்ள பலகையின் கணினி காட்டும் மணி என்றேன். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். அவர் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டார். எழுதியது அங்கே இரவு 2.40, இங்கே 12.10, கைக்கு வந்தது சனி பகல் 11.15. பிறகு எல்லாத் தாளிலும் இப்படி எழுதிவைப்பது வழக்கமாயிற்று. நண்பரின் நிரல் அளந்ததைவிட இது முழுமையான அளவீடு என்று இப்போது தோன்றுகிறது. எழுதியவன் விரலிலிருந்து வாசிப்பவர் கண்வரை.

கடிதங்களில் விசேஷமாக ஒன்றும் இருக்காது. தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டிய காலம். 'நலம், வேலை அதிகம், அம்மா மாத்திரை சாப்பிடுகிறார்களா' என்ற அளவில் ஆறேழு வரிகள். நான் வாசித்துக் காட்டுவேன், அந்த அம்மாள் சமையலறை நிலைப்படியில் நின்று கேட்பார். நான்கைந்து வாரம் கழித்து, கடிதத்தை வாசித்து முடித்ததும், "மேல போட்டிருக்கிற மணியப் படிப்பா" என்றார். 3.05. "போன தடவை?" வாத்தியார் அடுக்கிலிருந்து எடுத்தார். 2.50. அதற்கு முந்தியது 3.20.

"ஏம்பா, அவன் தூங்கறதே இல்லியா?"

பகலில் அலுவலகக் கணினியில் இதற்கெல்லாம் நேரம் இருக்காது என்று நான் சமாதானம் சொன்னேன். வாத்தியாரும் தலையாட்டினார். அந்த அம்மாளிடம் எடுபடவில்லை. "பிடிக்கலன்னா வந்துடச் சொல்லு. கால் காணியாச்சும் இருக்குது. அப்படியே எழுது" என்றார். அப்படியே, அவர் சொன்ன சொற்களை ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

ஞாயிறு இரவு நண்பர் அதைத் தட்டினார். அனுப்ப வேண்டியவற்றைத் தொகுக்கும் வேலை ஓடியது. முடிந்தது என்று திரை சொன்னது. சில நொடிகளில் மின்சாரம் போயிற்று. மின்சாரம் திரும்பியபோது அந்தக் கடிதம் கணினியில் எங்குமே இல்லை. வட்டுக்குப் போக வேண்டியதை நினைவகத்திலேயே சற்று நேரம் தேக்கிவைத்து, பிறகு சாவகாசமாக எழுதும் ஓர் உதவி நிரலை அவர் வேகத்துக்காகப் போட்டிருந்தார். அப்படிப்பட்டவை அந்நாளில் எல்லோரிடமும் இருந்தன. அதனால்தான் டாஸர்கள் அத்தனை வேகமாக ஓடின. முடிந்தது என்று நிரல் சொன்ன கணத்தில் கடிதம் வட்டில் இல்லை, காற்றில் இருந்தது. தாள் என் சட்டைப்பையில் இருந்ததால் மறுநாள் திரும்பத் தட்ட முடிந்தது.

அந்த வாரம் நண்பர் தம் அளவு நிரலைத் திருத்தினார். டாஸர் முடிந்தது என்றதும் கடிகாரத்தை நிறுத்தக்கூடாது. தேங்கியிருப்பது அனைத்தையும் வட்டில் எழுதச் சொல்லிவிட்டு, அது எழுதி முடித்த பிறகே நிறுத்த வேண்டும். எண்கள் பாதிக்கும் கீழே விழுந்தன. வேகத்தில் முதலிடத்தில் இருந்த டாஸர் மூன்றாமிடத்துக்குப் போயிற்று. அதை விரும்பிப் பயன்படுத்திக்கொண்டிருந்த சிலருக்குக் கோபம்கூட வந்தது. யார் கேட்டாலும் அவர் சொன்ன பதில், "போய்ச் சேர்ந்த பிறகுதானே சார் சேர்ந்ததாகக் கணக்கு."

இந்த இடத்தில் உத்திரமேரூர்க்காரன் கல்வெட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது, மன்னிக்கவும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது பொது ஆண்டு 919இலும் 921இலும், சபையார் பொறித்துவைத்த விதிகளை எல்லோரும் ஜனநாயகத்தின் பெருமையாகவே சொல்கிறார்கள். கால் வேலிக்கு மேல் நிலமும் வேதப் பயிற்சியும் இல்லாதவனுக்கு அதில் இடமில்லை என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் பிடித்தது பெருமை அல்ல, நடைமுறை. முப்பது குடும்புகள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்பின் பெயர் எழுதிய வாயோலை பூட்டிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இட வேண்டும். ஊரிலுள்ள நம்பிமார் அனைவரும் சபை நடுவே இருக்க, அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அது வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கப்படும். அதிலிருந்து அவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். அவன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி உரக்க வாசிப்பான். அதோடு முடியவில்லை. அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். பிறகே அந்தப் பெயர் ஏற்கப்படும். இப்படி முப்பது தடவை. அவர்களில் பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம்.

நண்பரை ஒருமுறை ஊருக்கு அழைத்துப்போய் அந்தச் சுவரைக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டவர், விரித்த உள்ளங்கை என்றதும் நிறுத்தினார். "இன்னொரு ஓலையை உள்ளே ஒளித்துவைத்திருக்கக் கூடாது என்பதற்காக, இல்லையா?" என்றார். பிறகு நிமிடத்துக்கு எத்தனை ஓலை வரும் என்று கணக்கிட முயன்றார். தொழில் அப்படி.

இரண்டாவது முறை தட்டிய கடிதம் போய்ச் சேர்ந்தது. அடுத்த சனி பதில் இல்லை. அதற்கடுத்த சனியன்று தாளை வாத்தியாரிடம் கொடுத்தபோது அவர் மணியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மனைவியிடம் நீட்டினார். அவருக்கு ஆங்கில எழுத்து தெரியாது, எண்கள் தெரியும். இரவு 9.10. கடிதம் நீளமாக இருந்தது. நான்கு மாதமாகச் சம்பளம் சரியாக வரவில்லை என்பதும், இரவில் வேறொரு வேலைக்குப் போய்த் திரும்பி அதன்பிறகே எழுதியதும், ஊருக்குச் சொல்ல வெட்கப்பட்டதும் அதில் இருந்தன. வாசிக்கும்போது எனக்கே குரல் சரியாக வரவில்லை. அந்த அம்மாள் முழுதும் கேட்டுவிட்டு, "இன்னிக்குத் தூங்கியிருப்பான்" என்றார். இன்றைக்கல்ல, அது நான்கு நாள் முன்பு என்று நானும் திருத்தவில்லை, வாத்தியாரும் திருத்தவில்லை.

1995 பொங்கலுக்குப் பிறகு அவன் ஊர் திரும்பினான். மதுராந்தகம் சாலையில் கணினிப் பயிற்சிக் கூடம் வைத்து, பிறகு அதை மூடி, இப்போது வேறு ஊரில் இருக்கிறான். நண்பரின் பலகை அவ்வாண்டு இணையம் வந்த பின்பு மெல்ல ஆளற்றுப் போயிற்று. சிக்ஸும் அதே ஆண்டோடு நின்றது. தந்தியும் 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது.

அந்த அளவு நிரலின் பிற்காலத்தையும் சொல்லிவிடுகிறேன். அதைப் பாஸ்கல் மொழியில் எழுதியிருந்தார். அன்றைய பாஸ்கல் தொகுப்பி ஒன்று, நிரல் தொடங்கும்போதே கணினியின் வேகத்தை அளக்க ஒரு சுற்றை ஓடவிட்டு, வந்ததை வகுத்து வைத்துக்கொள்ளும். தொண்ணூறுகளின் இறுதியில் வந்த வேகமான கணினிகளில் அந்தக் கணக்குக்கு விடை அதற்கு ஒதுக்கிய இடத்தில் அடங்காமல், 'ரன்டைம் எரர் 200' என்ற ஒற்றை வரியோடு நிரல் நின்றுவிடும். உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான நிரல்கள் இப்படி விழுந்தன. நண்பருடையதும் விழுந்தது. ஒட்டுப்போட்டுச் சரிசெய்யும் வழிகள் வந்திருந்தன, செய்யலாமே என்றேன். அளக்க மூட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு, தேநீருக்குச் சொல்லப் போனார்.