விருந்தாளியும் ஒண்டுக் குடித்தனமும்

பிழைப்பை நாடி வெளியூர் வந்த நம்மவர் இல்லங்கள் பலவற்றில் கணிப்பொறி ஒன்றே உண்டு. பகலில் பிள்ளைகளுக்கு அது பாடசாலை. இரவில் பெரியோர்க்கு அதுவே கச்சேரி மேடை. எம் இல்லத்திலும் அஃதே நிலை. மகளின் பள்ளிக் கட்டுரைகளும், காலஞ்சென்ற பாட்டியாரின் குரற் பதிவும் அப்பெட்டியிலேயே உள்ளன. ஆகவே, அதனைத் தொலைக்காட்சியோடு இணைத்துக் ‘கோடி’ மென்பொருளை இயக்க விரும்பியபோது, எவ்வழி தீங்கற்றது என்பதே எமது முதற் கேள்வியாயிற்று.

2014 வரை எக்ஸ்.பி.எம்.சி. எனப் பெயர் கொண்டிருந்தது கோடி. அதனை இயக்குதற்கு வேண்டிய அளவே கொண்ட சிறிய இயங்குதளம், 2016இல் தோன்றிய லிப்ரெஎலெக். அதனைக் குடியேற்ற வழிகள் இரண்டு.

ஹார்ட் டிஸ்கைப் பிரித்து, விண்டோசும் அதுவும் அருகருகே வாழச் செய்வது ஒரு வழி. ஒண்டுக் குடித்தனம் போன்றது. வேகம் மிகுதி. ஆனால், லிப்ரெஎலெக்கின் நிறுவுநிரல் தனக்குக் காட்டப்பட்ட டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டே குடியேறும். பங்கிட்டு வாழ வைக்க வேண்டுமாயின், எல்லாவற்றையும் நாமே கைப்படச் செய்தல் வேண்டும். செய்த பின்னரும் கவலை தீர்வதில்லை. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பினால், இவ்வாறு இரட்டைக் குடித்தனம் இருந்த கணிப்பொறிகள் சிலவற்றில் லினக்ஸ் தொடங்க மறுத்தது.

மற்றது, பென் டிரைவிலிருந்தே இயக்குதல். விருந்தாளி வந்து போவது போல, செருகினால் கோடி, எடுத்தால் பழைய விண்டோஸ். அமைப்புகளும் பென் டிரைவிலேயே பதிவாகும். குறைகளும் உண்டு: வேகம் சற்றுக் குறைவு, அடிக்கடி எழுதப்படுவதால் பென் டிரைவ் தேயும். படங்களை வேறொரு வெளி டிஸ்கில் வைத்தால் இக்குறை பெரிதும் தணியும்.

யாம் இரண்டாவதையே தேர்ந்தோம். இழக்கலாகாத பொருள் உள்ள பெட்டியில் வேகத்தினும் காவலே பெரிதன்றோ?

இவ்வழி செல்லும் அன்பர்கள் இரண்டினை மறவாதிருத்தல் நன்று. தொடக்கப் பட்டியலில் ‘ரன்’ என்பதையே தேர்க. ‘இன்ஸ்டாலர்’ என்பதைத் தொடற்க. செக்யூர் பூட்டை அணைக்க நேர்ந்தால், பிட்லாக்கர் மீட்புச் சாவியை முன்னரே குறித்து வைத்துக்கொள்க. இல்லையேல் விண்டோஸ் கதவடைத்து அச்சாவியைக் கேட்கக்கூடும்.

எவ்வழியாயினும், அரிய பதிவுகளை முதலில் வேறிடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும். பென் டிரைவ் பழுதானால் கடையில் வேறொன்று வாங்கலாம். போன குரலை எக்கடையில் வாங்குவது?