ஒரு கூட்டல் குறி

பைத்தான் 2.7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் எங்கள் ஆபீஸ் விழித்துக்கொண்டது. பழைய ஸ்கிரிப்டுகளை 3-க்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. மாற்றினேன். டெஸ்ட் எல்லாம் பாஸ். ஆனால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிகிற ராத்திரி வேலை, விடிந்தும் ஓடிக்கொண்டிருந்தது.

"புதுசுதானே வேகமா இருக்கணும்? என்னத்தப் பண்ணி வச்ச?" என்றார் மேனேஜர்.

"பழைய கோடு மோசம் சார்" என்று சொல்லிவிட்டேன். அதை எழுதிய அண்ணன் மூன்று சீட் தள்ளி உட்கார்ந்திருந்தார். எனக்கு லூப் எழுதச் சொல்லிக்கொடுத்தவர். அவர் திரும்பவில்லை. காதில் விழுந்தது என்று மட்டும் தெரிந்தது.

பைத்தான் 3.0 வந்தபோது பைஸ்டோன் சோதனையில் 2.5-ஐவிடச் சுமார் 10% மெதுவாக ஓடியதாக அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் பத்து சதவீதத்துக்கு ராத்திரி முழுக்கவா ஓடும்? ஃபைலைப் பாதியாக வெட்டி ஓட்டினேன். நேரம் பாதியாகவில்லை, கால்வாசியானது. வயிற்றைக் கலக்கியது. சிப்ரொஃபைல் ஃபங்ஷன் பெயரைத்தான் காட்டும், வரியைக் காட்டாது. ஒவ்வொரு வரியாக மூடிப் பார்த்ததில் ஒரு லூப்புக்குள் மாட்டியது: படித்த துண்டை, ஏற்கனவே சேர்த்ததோடு += போட்டு ஒட்டும் வரி.

2.4-இலிருந்து சிபைத்தானில் ஒரு சலுகை உண்டு. இடப்பக்கம் இருக்கும் ஸ்ட்ரிங்கை வேறு யாரும் பிடித்திருக்கவில்லை என்றால், நகலெடுக்காமல் அதையே நீட்டிப் பார்க்கும். பைத்தான் 2-இல் பைனரி ஃபைலைப் படித்தாலும் கையில் வருவது ஸ்ட்ரிங்தான். 3-இல் வருவது பைட்ஸ். சலுகை ஸ்ட்ரிங்கோடு நின்றுவிட்டது. ஒரு சொம்பு வாங்கினால்கூட வீட்டையே காலி பண்ணி அடுத்த வீட்டுக்குக் குடிபோகிற கதை. ஒவ்வொரு துண்டுக்கும் மொத்தமும் மறுபடி நகல்.

துண்டுகளை லிஸ்டில் போட்டுக் கடைசியில் ஜாயின் செய்தேன். மூன்று வரி. வேலை பழையபடி டீ நேரத்துக்குள் முடிந்தது.

அந்தச் சலுகையை நம்பாதே என்று பெப் 8-லேயே இருக்கிறது. இருக்கட்டும். அவர் எழுதியபோது அது ஓடியது. ஓடாமல் ஆக்கியவன் நான்.

"அண்ணே, உங்க கோடுல தப்பில்ல" என்று போய் நின்றேன்.

ஸ்கிரீனைப் பார்த்தார். "தப்புதான்டா. ஜாயின் போடணும்னு அப்பவே தெரியும். டைம் இல்ல." பிறகு, "அவர்கிட்ட சொல்லிட்டியா?"

சொல்லவில்லை. எழுந்து போனேன். கேபின் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.