சுவருக்குள்ள என்ன இருக்கு தாயி?

லண்டனின் கிழக்குப் பகுதியில் இருக்கிறது ஈஸ்ட்ஹாம். முருகன் கோயில், தோசைக்கடை, முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் விற்கும் மளிகைக்கடை என்று தமிழர்களுக்குப் பழகிப்போன ஊர். தெரு நெடுக ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகளில் பெரும்பாலானவை நூறு வயதைத் தாண்டியவை.

இந்த வீடுகளை வைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. பாழடைந்த வீட்டை ஏலத்தில் எடுப்பார்கள். சமையலறை, குளியலறை, தரை, பெயின்ட் எல்லாவற்றையும் சில மாதங்களில் புதிதாக்குவார்கள். நல்ல லாபத்துக்கு விற்றுவிடுவார்கள். இதில் தப்பு எதுவும் இல்லை. ஒழுங்காகச் செய்பவர்களும் நிறைய பேர் இருக்கிறார்கள்.

கோவில்பட்டியிலிருந்து போன ஒரு தம்பதிக்கு அப்படி ஒரு வீடு பிடித்துப்போனது. கணவருக்கு ஐ.டி. வேலை. மனைவி மருத்துவமனையில் நர்ஸ். ஆறு வயதில் ஒரு மகள். ஏழு வருட வாடகை வாழ்க்கைக்குப் பிறகு, மகளுக்கென்று தனி அறை உள்ள வீடு. சமையலறையில் புத்தம் புது கேஸ் அடுப்பு, சீலிங் முழுக்கக் குட்டி குட்டி விளக்குகள், அலமாரிக்குள் மறைத்து வைத்த பாய்லர். கேட்ட விலைக்குப் பக்கத்தில் பேரம் படிந்தது. வங்கிக் கடனும் கிடைத்தது.

'இல்லை' என்று ஒரு பதில்

இங்கிலாந்தில் வீடு விற்பவர் ஒரு நீளமான கேள்விப் படிவத்தை நிரப்பித் தர வேண்டும். 2005 ஜனவரி 1-க்குப் பிறகு வீட்டில் மின்வேலை நடந்ததா, 2005 ஏப்ரல் 1-க்குப் பிறகு பாய்லர் பொருத்தப்பட்டதா, ஆம் என்றால் சான்றிதழ் எங்கே என்று அதில் கேட்டிருக்கும்.

அந்தத் தேதிகளுக்குக் காரணம் உண்டு. வீட்டு மின்வேலை 2005 ஜனவரியில்தான் அங்கே கட்டட விதிகளுக்குள் வந்தது. புது சர்க்யூட் இழுத்தாலோ, மெயின் ஃப்யூஸ் பெட்டியை மாற்றினாலோ, பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியன் செய்து சான்றிதழ் தர வேண்டும். இல்லையென்றால் உள்ளூர் கவுன்சிலுக்குச் சொல்லிச் செய்ய வேண்டும். இருக்கும் லைனில் கூடுதலாக ஒரு பிளக் பாயின்ட் வைப்பது போன்ற சின்ன வேலைகளுக்கு இது பொதுவாகத் தேவையில்லை.

கேஸ் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் தொழிலாக கேஸ் வேலை செய்யலாம். 2009 ஏப்ரல் 1 முதல், பழைய 'கோர்கி' பதிவுக்குப் பதிலாக வந்தது இது. புது பாய்லர் பொருத்தினால் 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதற்கான சான்றிதழ் வீட்டு முகவரிக்கு வந்து சேரும்.

ஈஸ்ட்ஹாம் வீட்டின் படிவத்தில் இரண்டு வேலைகளும் நடந்ததாக எழுதியிருந்தது. சான்றிதழுக்கான இடத்தில் மட்டும், 'கைவசம் இல்லை.'

பாலிசி எதைக் காக்கும்?

சொலிசிட்டர் பதறவில்லை. இது அடிக்கடி வருவதுதான் என்றார். "இன்டெம்னிட்டி பாலிசி ஒன்று எடுத்துவிடலாம். ஒரே தடவை கட்டினால் போதும். செலவையும் விற்பவரே ஏற்றுக்கொள்வார். ஆனால் ஒன்று, கவுன்சிலுக்கு மட்டும் போன் செய்துவிடாதீர்கள். செய்தால் பாலிசி கிடைக்காது."

கணவருக்கு நிம்மதி. மனைவிக்கு அந்தக் கடைசி வாக்கியம் உறுத்தியது.

"அந்த பாலிசி எதுக்குப் பணம் தரும்?"

"கவுன்சில் நடவடிக்கை எடுத்தா, அதனால வர்ற நஷ்டத்துக்கு."

"பாய்லர்ல கோளாறுன்னா?"

"அதுக்குத் தராது."

"அப்ப அது நம்ம பணத்துக்குக் காவல். பிள்ளைக்கு இல்ல."

அவர் பதில் சொல்லவில்லை. வாடகை வீட்டைக் காலி செய்வதாக ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. கடன் அனுமதி காலாவதியாக இரண்டு மாதம்தான் பாக்கி. வேறு ஒருவர் வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருப்பதாக ஏஜென்ட் தினமும் நினைவுபடுத்திக்கொண்டிருந்தார்.

இதில் ஒரு வினோதம் உண்டு. இங்கிலாந்தில் வாடகைக்கு விடுபவர், வீட்டின் கேஸ் சாதனங்களை ஆண்டுதோறும் சோதித்துச் சான்று தர வேண்டும். மின் இணைப்பைக் குறைந்தது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். இரண்டுமே சட்டம். சொந்தமாகக் குடியிருக்க வாங்குபவருக்கு அப்படிச் சோதித்துத் தர வேண்டிய கட்டாயம் விற்பவருக்கு இல்லை. வாடகைக்கு இருந்தவரை வருடா வருடம் யாரோ வந்து பாய்லரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கும் வீட்டில், கேட்டால்தான் உண்டு.

கோவில்பட்டியிலிருந்து ஒரு குரல்

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மாமனார் வந்தார். மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். புது வீட்டின் போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. சுவருக்குள்ள என்ன இருக்கு தாயி?"

"அதுதான் தெரியல மாமா. பேப்பர் இல்லேங்காங்க."

"பேப்பரு போனாப் போகுது. பேப்பரு சரியா இருந்து வேலை மோசமா இருந்ததையும் பாத்திருக்கேன். மெகர் வச்சுப் பாக்கச் சொல்லு. எர்த் இருக்கான்னு பாக்கச் சொல்லு. கண்ணால பாத்துச் சொல்றதுக்கு கரன்ட் என்ன காளை மாடா?"

கணவர் சிரித்துவிட்டார். சர்வேயர் ஏற்கெனவே வந்து பார்த்த விஷயத்தைச் சொன்னார்.

"அவரு மீட்டரு வச்சாரா?"

வைக்கவில்லை. வீட்டு சர்வேயர் சுவர், கூரை, ஈரம் எல்லாவற்றையும் பார்ப்பார். மின்சாரத்தையும் கேஸையும் சோதிப்பது அவர் வேலை இல்லை. 'தகுதியானவரை வைத்துச் சோதித்துக்கொள்ளவும்' என்று அறிக்கையில் ஒரு வரி இருக்கும். நாற்பது பக்க அறிக்கையில் அந்த வரியைத் தாண்டிப் போவது சுலபம். இவரும் தாண்டித்தான் போயிருந்தார்.

இரண்டு சோதனைகள்

மறுநாளே, விற்பவரின் அனுமதியைக் கேட்டு எழுதினார்கள். ஏஜென்டுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அனுமதி கிடைத்தது.

கேஸ் இன்ஜினீயர் வந்ததும் மனைவி முதலில் கேட்டது அவருடைய அடையாள அட்டையை. முன்பக்கம் போட்டோவும் எண்ணும், பின்பக்கம் அவர் எந்தெந்தச் சாதனங்களில் வேலை செய்யத் தகுதி பெற்றவர் என்ற விவரமும் இருக்கும். குழாயில் கசிவு இல்லை. பாய்லரும் நல்ல பாய்லர்தான். கோளாறு வெளியே இருந்தது. சமையலறை ஜன்னலைப் பெரிதாக்கிக் கீழே இறக்கியிருந்தார்கள். பாய்லரின் புகைக்குழாய் அந்த ஜன்னலுக்கு நேர் அடியில் நீட்டிக்கொண்டிருந்தது. குறைந்தது 300 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அங்கே ஒரு சாண்கூட இல்லை.

பாய்லர் சரியாக எரியாத ஒரு நாளில், அந்த ஜன்னல் திறந்திருந்தால் கார்பன் மோனாக்சைடு நேராகச் சமையலறைக்குள் வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று சாதாரண ஃப்ளூ போலத்தான் ஆரம்பிக்கும். நர்ஸுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து எலெக்ட்ரீஷியன். பல மணி நேரச் சோதனை. அதன் அறிக்கையை ஈ.ஐ.சி.ஆர். என்பார்கள். குறைகளுக்கு அதில் குறியீடு உண்டு. சி1 என்றால் இப்போதே ஆபத்து. சி2 என்றால் ஆபத்தாக மாறலாம். சி3 என்றால் மேம்படுத்துவது நல்லது. சி1, சி2 ஒன்று இருந்தாலும் 'திருப்தியில்லை' என்றுதான் முடிவு வரும். இந்த வீட்டுக்கு இரண்டு சி2. கேஸ் குழாயையும் தண்ணீர்க் குழாயையும் எர்த்தோடு சேர்க்கும் கம்பிகள் இல்லவே இல்லை.

"நான் சொல்லல?" என்றார் கோவில்பட்டிக்காரர்.

விலைக்குறைப்பு வேண்டாம்

விற்பவர் ஒரு தொகையைக் குறைத்துக்கொள்ள முன்வந்தார். கணவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ரிப்பேர் செலவைவிட அது கொஞ்சம் அதிகம்தான்.

மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "குறைச்ச பணத்துல கார்ப்பெட் வாங்கிருவோம். ரிப்பேர் அடுத்த வருஷத்துக்குப் போயிரும். அவங்களே சரி பண்ணித் தரட்டும். அப்புறம் கையெழுத்துப் போடுவோம்."

அந்த 'அப்புறம்' முக்கியமானது. இங்கிலாந்தில் ஒப்பந்தங்கள் கைமாறும்வரை, அதாவது 'எக்ஸ்சேஞ்ச்' ஆகும்வரை, வாங்குபவர் விலகிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு விலகினால் முன்பணம் போய்விடும். பொதுவாக அது விலையில் பத்து சதவிகிதம். கேட்க வேண்டியதை அதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

விற்பவர் ஒரு வாரம் பதிலே சொல்லவில்லை. வீடு கைநழுவிவிட்டது என்றே கணவர் நினைத்தார். மகளுக்கு எப்படிச் சொல்வது என்று இருவரும் யோசித்துக்கொண்டிருந்தபோது சொலிசிட்டரிடமிருந்து தகவல் வந்தது. எந்த வாடிக்கையாளர் வந்தாலும் இதே கேள்விகள் வரும் என்று விற்பவருக்குப் புரிந்திருந்தது. பதிவு பெற்றவர்களை வைத்துப் புகைக்குழாயை இடம் மாற்றினார். எர்த் கம்பிகள் போடப்பட்டன. புது ஈ.ஐ.சி.ஆர். 'திருப்தி' என்று வந்தது. சொல்லாமல் செய்த பழைய வேலைக்கு, கவுன்சிலில் அவரே விண்ணப்பித்து முறைப்படுத்தும் சான்றிதழ் வாங்கினார். ஆறு வாரம் தள்ளிப்போனது. வாடகை வீட்டுக்காரர் ஒரு மாதம் கூடுதலாகப் பொறுத்துக்கொண்டார்.

இந்த நிலையில் இருக்கும் எல்லோருக்கும் விற்பவர் இறங்கி வருவார் என்று சொல்ல முடியாது. அப்போதும் வழிகள் உண்டு. சான்றிதழ் தொலைந்துதான் போயிருக்கிறது என்றால், வேலை பதிவாகியிருக்கும் பட்சத்தில் நகல் கேட்டு வாங்கலாம். சோதனையில் தெரிந்த குறைகளுக்கு ஏற்ப விலையைப் பேசலாம், அல்லது வேலை முடியும்வரை ஒரு தொகையை சொலிசிட்டரிடம் நிறுத்தி வைக்கச் சொல்லலாம். பாலிசியும் எடுக்கலாம், தப்பில்லை. சோதனைக்குப் பதிலாக அதை எடுப்பதுதான் தப்பு. சோதனைக்கு ஆகும் சில நூறு பவுண்டு, வீட்டு விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

குடிபோன பிறகு மனைவி செய்த முதல் வேலை, கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டியது. இரண்டாவது, ஒரு நீல நிற ஃபைல் வாங்கியது. பாய்லர் சான்றிதழ், ஈ.ஐ.சி.ஆர்., கவுன்சில் கடிதம் எல்லாம் அதில் இருக்கின்றன. என்றைக்காவது அந்த வீட்டை வாங்க வருபவர் கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்ட வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.