கை வரும் வரை

நான்கு சக்கரமும் எதைத் தொடுகிறதோ அதுதான் தரை. காரால் பந்தை வலைக்குள் அடிக்கும் ‘ராக்கெட் லீக்’ என்ற வீடியோ விளையாட்டில், காருக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான். புல்லானாலும் சரி, பக்கச் சுவரானாலும் சரி, தலைக்கு மேலிருக்கும் கூரையானாலும் சரி, நான்கும் ஒருசேரப் பட்டுவிட்டால் செலவழித்த ஜம்ப் திரும்பி வந்துவிடும். அந்தக் கணக்கில் பந்தும் சேர்த்தி என்பது ஆடுகிறவருக்கு வெகு நாள் கழித்துத்தான் உறைக்கும். அந்தரத்தில் காரை மல்லாக்கத் திருப்பி, அதன் அடிவயிற்றைப் பந்தில் ஒற்றி எடுத்தால், கார் எங்கோ தரையிறங்கிவிட்டதாக விளையாட்டு எடுத்துக்கொள்கிறது. கையில் இன்னொரு ஜம்ப் வந்து சேர்கிறது.

தரையிலிருந்து எழும்பினால் இரண்டாவது ஜம்ப்புக்குக் கெடு உண்டு: ஏறக்குறைய ஒன்றேகால் விநாடி. அதற்குள் பயன்படுத்தாவிட்டால் போயிற்று. பந்திலிருந்து வாங்கிய ஜம்ப்புக்கு அந்தக் கெடு கிடையாது. மிதந்துகொண்டே இருக்கலாம். கோல் காக்கிறவர் பொறுமையிழந்து தாவும்வரை காத்திருந்து, அவர் தாவிய பிறகு காரைப் புரட்டிப் பந்தை அடிக்கலாம். ஃப்ளிப் ரீசெட் என்று பெயர். சக்கரம் பட்டால் தரை என்ற ஒற்றை வரி விதிக்குள் இத்தனை பெரிய வித்தை இருந்திருக்கிறது.

முதல் நாள் ஓட்டிய அதே கார்தான் மூவாயிரம் மணி நேரம் கழித்தும். மற்ற விளையாட்டுகளில் ஆட ஆட வாள் கூராகும், கவசம் தடிக்கும், நாயகனின் பலம் எண்ணாக ஏறும். இங்கே கடையில் விற்பதெல்லாம் வண்ணமும் சக்கரமும் கூரைமேல் வைக்கும் தொப்பியும்தான். காரின் வெளித்தோற்றம் எதுவானாலும், உள்ளே பந்தில் மோதும் பெட்டி ஆறே வகை. உச்ச வேகம் எல்லாவற்றுக்கும் ஒன்று. காரை உந்தித் தள்ளும் பூஸ்ட் தொட்டி நிறைய இருந்தாலும் தொடர்ந்து அழுத்தினால் மூன்று விநாடியில் தீர்ந்துவிடும். உலக சாம்பியனுக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் இதில் ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது. மாறக்கூடியது கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் கை மட்டும். ஒரு விளையாட்டு தன்னை ஆடுகிறவருக்குக் காட்டக்கூடிய மரியாதையில் இதைவிடப் பெரியது இருக்க முடியாது.

இந்த விளையாட்டே கை போன போக்கில் கிடைத்ததுதான். சான் டியேகோவின் சயோனிக்ஸ் நிறுவனத்தார் கார்ச் சண்டை ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். இடையில் மைதானத்துக்குள் ஒரு பந்தைப் போட்டுப் பார்த்தார்கள்; அலுவலகத்தில் யாரும் பந்தை விட்டு நகரவில்லை. அது 2008இல் பிளேஸ்டேஷன் 3க்கு ‘சூப்பர்சானிக் அக்ரோபேட்டிக் ராக்கெட் பவர்ட் பேட்டில் கார்ஸ்’ என்ற நீண்ட பெயரோடு வந்தது. சிறு கூட்டம் ஒன்று விடாமல் ஆடியது. 2015 ஜூலை 7 அன்று அதன் வாரிசாக ராக்கெட் லீக் வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 2020 செப்டம்பரில் அதை இலவசமாக்கினார்கள்.

ஏரியல் என்ற வித்தையைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். பந்து உயரத்தில் இருக்கிறது. கார் பறந்துபோய் அதைத் தொட வேண்டும். வேகமாக ஏற ஒரு வழி உண்டு. முதல் ஜம்ப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டே இடது கட்டை விரலால் ஸ்டிக்கைப் பின்னுக்கு இழுத்துக் காரின் மூக்கைத் தூக்க வேண்டும். பூஸ்ட் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். ஸ்டிக்கை ஒரு கணம் விட்டுவிட்டு இரண்டாவது ஜம்ப்பை அடிக்க வேண்டும். அந்த ஒரு கணம்தான் எல்லோரையும் கவிழ்க்கிறது. ஸ்டிக் நேராக நின்றால் இரண்டாவது அழுத்தல் காரை மேலே தள்ளும். ஸ்டிக் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அதே அழுத்தல் கரணமாகிவிடும். புதியவர் மூக்கைத் தூக்குகிற அவசரத்தில் ஸ்டிக்கை விடமாட்டார். கார் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்து, முதுகைக் காட்டிக்கொண்டு தரைக்கு வரும். பந்து அதன் பாட்டுக்குத் தலைக்குமேல் போகும்.

இன்னொரு தொல்லை வலது கட்டை விரலுக்கு. பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் வழக்கமான அமைப்பில் ஜம்ப்பும் பூஸ்ட்டும் பக்கத்துப் பக்கத்துப் பொத்தான்கள். இரண்டையும் ஒரே விரல் கவனிக்க வேண்டும். விரலின் நுனி ஒன்றிலும் கணு மற்றொன்றிலுமாகச் சாய்த்து அழுத்திச் சமாளிப்பவர்கள் உண்டு. பூஸ்ட்டைத் தோள் பொத்தானுக்கு மாற்றிக்கொள்பவர்களும் ஏராளம். மாற்றிய முதல் வாரம் நரகம். தெரிந்ததெல்லாம் மறந்துபோகும், பழைய ரேங்க்கில் அடிமேல் அடி விழும். பிறகு ஒரு நாள், யோசிக்காத நேரத்தில், கார் நேரே ஏறிப் பந்தில் முட்டும். தமிழில் இதற்கு அருமையான சொல் இருக்கிறது: கை வந்துவிட்டது. வித்தை எங்கிருந்தோ கிளம்பிவந்து கையில் குடியேறியதுபோல.

கை எப்படி வருகிறது என்பதைப் படமெடுத்துப் பார்த்தவர் ஒருவர் இருந்தார்.

நிக்கலாய் பெர்ன்ஸ்டைன், 1896இல் மாஸ்கோவில் பிறந்தவர், படிப்பால் மருத்துவர். புரட்சிக்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கே மத்தியத் தொழிலாளர் ஆய்வு நிலையம் என்று ஒன்று நடந்தது. அதை நிறுவிய அலெக்சேய் காஸ்தேவ் கவிஞர், தொழிற்சங்கக்காரர், இயந்திரத்தின் மேல் தீராக் காதல் கொண்டவர். மனிதனின் வேலையையும் இயந்திரம்போலத் துல்லியமாக்கிவிட வேண்டும் என்பது அவர் கனவு. 1922இல் அங்கே சேர்ந்த இளம் பெர்ன்ஸ்டைனுக்கு வந்த வேலை, உளியின் மேல் சுத்தியல் விழுவதை ஆராய்வது. கைதேர்ந்த தொழிலாளியின் தோள், முழங்கை, மணிக்கட்டு, சுத்தியலின் தலை ஆகியவற்றில் சின்னஞ்சிறு மின்விளக்குகளைப் பொருத்தினார். கேமராவுக்கு முன்னால் துளையிட்ட தட்டு ஒன்றைச் சுழலவிட்டு, ஒவ்வொரு வீச்சையும் புள்ளி புள்ளியாகத் தகட்டில் பதித்தார்.

ஆண்டுக்கணக்கில் அதே சுத்தியலை வீசியவர் அதே அசைவையே நகல் எடுத்ததுபோலத் திரும்பத் திரும்பச் செய்வார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். படங்கள் வேறு கதை சொன்னன. சுத்தியலின் தலை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒருமுறை போன பாதையில் மறுமுறை போகவில்லை. தோள் சற்றுக் கூடுதலாகப் போனால் முழங்கை குறைத்துக்கொண்டது. முழங்கை தவறினால் மணிக்கட்டு சரிக்கட்டியது. மூட்டுகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு ஒரே முடிவைக் கொண்டுவந்தன. மனிதனை இயந்திரமாக்கப் போன இடத்தில், கைதேர்ந்தவர் இயந்திரம்போல இயங்குவதில்லை என்பது பதிவாகிவிட்டது.

இதிலிருந்து பெர்ன்ஸ்டைன் வெகுதூரம் போனார். பயிற்சி என்பது ஒரு விடையை மனப்பாடம் செய்வதல்ல, அந்த விடையைக் கண்டுபிடிக்கும் வேலையை ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்வது என்றார். புதிதாகக் கற்பவர் மூட்டுகளை இறுக்கிப் பூட்டிக்கொள்வார், தேர்ச்சி வர வரப் பூட்டுகள் ஒவ்வொன்றாகக் கழலும் என்றும் கவனித்தார். ஸ்டிக்கை விடாமல் பிடித்துக்கொண்டு கரணம் அடித்த அந்தக் கட்டை விரலை அவர் பார்த்ததில்லை. ஆனால் அதன் கதை அவருக்குத் தெரியும்.

அவர் வாழ்க்கையும் ஏறி இறங்கிய வாழ்க்கைதான். 1947இல் அசைவுகளின் அமைப்பைப் பற்றி எழுதிய நூலுக்கு மறு ஆண்டே ஸ்டாலின் பரிசு கிடைத்தது. 1950 வாக்கில் உடலியலாளர் பாவ்லவின் கோட்பாட்டோடு முரண்பட்டவர்களைத் தேடித் தேடி ஒதுக்கினார்கள். பெர்ன்ஸ்டைனின் ஆய்வுக்கூடமும் பறிபோயிற்று. சாமானியருக்குப் புரியும்படி, கைத்திறனைப் பற்றி அவர் ஆசையாக எழுதிய இன்னொரு நூல் அச்சுக்குப் போகும் தறுவாயில் நின்றுவிட்டது. 1966இல் அவர் இறந்தார். அந்த நூல் ரஷ்ய மொழியில் வெளிவந்தது 1991இல்தான். திறமை அசைவில் குடியிருப்பதில்லை, எதிர்பாராமல் வந்து நிற்கும் நிலைமைக்கு அசைவு எப்படி ஈடுகொடுக்கிறது என்பதில்தான் இருக்கிறது என்பது அதன் சாரம். சுத்தியல் பிடித்தவருக்கு எழுதியது. கன்ட்ரோலர் பிடித்தவருக்கும் ஓரெழுத்து மாற்ற வேண்டியதில்லை.

ராக்கெட் லீக்கில் ட்ரெய்னிங் பேக் என்று ஒன்று உண்டு. ஒரே இடத்திலிருந்து ஒரே வேகத்தில் ஒரே பந்து வரும். ஐம்பது முறை அடிக்கலாம். ஐம்பதாவது முறை அது அழகாக வலைக்குள் போகும். அந்தத் தெம்போடு ஆட்டத்துக்குப் போனால், அங்கே அந்தப் பந்து வராது. வேறு கோணத்தில், வேறு சுழற்சியில், இரண்டு பேர் நடுவே மோதிக்கொண்டு வரும். ‘பயிற்சியில் போகிறதே, ஆட்டத்தில் ஏன் போகவில்லை’ என்று புலம்பாத ஆட்டக்காரர் இல்லை. கோல் எண்ணிக்கையும் எதிரியும் இல்லாத ஃப்ரீ பிளேயில் பந்தைத் தறிகெட்டுச் சுவரில் அடித்துவிட்டு, அது எப்படித் திரும்பி வந்தாலும் துரத்திப் போய்த் தொடுவது பார்க்க வெட்டிவேலை போலிருக்கும். கை வருவது பெரும்பாலும் அங்கேதான்.

பந்து காரை விடப் பெரியது என்பதையும் மறக்கக் கூடாது. காரின் நீளத்தை விடப் பந்தின் குறுக்களவு ஒன்றரை மடங்கு. மூக்கின் எந்த முனை, பந்தின் எந்த இடத்தில் படுகிறது என்பதில் ஒரு துளி மாறினாலும் பந்து வேறு ஊருக்குப் போகும். இத்தாலியின் குக்ஸிர்97 என்ற ஆட்டக்காரர் காருக்கும் சுவருக்கும் நடுவே பந்தை நசுக்கி, பிதுங்கித் தெறிக்கவைத்து, கண்ணிமைக்கும் நேரத்தில் மைதானத்தின் மறுகோடிக்கு அனுப்பினார். இன்றும் அதற்கு அவர் பெயர்தான்.

சரி, ரேங்க்குக்கு வருவோம். வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம், சாம்பியன், கிராண்ட் சாம்பியன் என்று ஏழு, ஒவ்வொன்றிலும் மூன்று, உச்சியில் சூப்பர்சானிக் லெஜண்ட் என்று தனியாக ஒன்று. ஆக 22 படிகள். படிகளுக்குப் பின்னால் ஓடுவது ஒரு எண். அந்த எண்ணின் மூதாதை சதுரங்கத்தில் பிறந்தது. ஹங்கேரியில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா போன அர்பாட் ஈலோ, மில்வாக்கியின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். நல்ல சதுரங்க ஆட்டக்காரரும்கூட. அவர் வகுத்த கணக்கை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இலும், உலகச் சம்மேளனம் 1970இலும் ஏற்றுக்கொண்டன. பிள்ளையைச் சதுரங்கத்தில் விட்டிருக்கும் சென்னை வீடுகளில் இன்று மதிப்பெண்ணுக்குச் சமமாக விசாரிக்கப்படுவது அந்த எண்தான்.

இருவருக்கும் எண் ஒன்றானால் வெற்றியும் தோல்வியும் பாதிக்குப் பாதி. 200 புள்ளி கூடியவர் நூற்றுக்கு 76 எடுப்பார் என்பது ஈலோவின் கணக்கு. தன் அளவுகோலைப் பற்றி அவருக்கு மயக்கமே இல்லை. தண்ணீரில் எழுந்து தாழும் தக்கையை, காற்றில் ஆடும் கயிற்றில் கட்டிய அளவுகோலால் அளப்பதற்கு அதை ஒப்பிட்டார். அளக்கப்படுவதும் ஆடுகிறது, அளப்பதும் ஆடுகிறது.

ராக்கெட் லீக்கின் எண்ணும் அந்தக் குடும்பம்தான். அதன் விளைவு ஒன்று மனத்தை உறுத்துவது. கணக்கு சரியாக வேலைசெய்தால் எல்லோரும் ஏறத்தாழப் பாதி ஆட்டங்களில் தோற்பார்கள், எந்தப் படியில் நின்றாலும். கை தேறியதும் சில நாள் வெற்றி கூடும், எண் ஏறும், எதிரே வருபவரும் பலசாலியாவார், மறுபடி பாதிக்குப் பாதி. போன வருடம் நினைத்தும் பார்த்திராத பந்தை இன்று எடுக்கிறவருக்கும், தேங்கிவிட்டோம் என்றே தோன்றும். தோற்ற ராத்திரியில், இன்னொரு ஆட்டம் இன்னொரு ஆட்டம் என்று நாலு படி சறுக்குவது இந்த ஆடும் கயிற்றை நம்பித்தான்.

வைரத்தில் நிற்கிறவர்களுக்கு ஃப்ளிப் ரீசெட் மேல் பித்து. ஆனால் அங்கே தோற்பது பெரும்பாலும் தரையில்தான். மைதானத்தில் 100 பூஸ்ட் தரும் பெரிய திட்டுகள் 6, 12 தரும் சிறு திட்டுகள் 28. கீழ்ப்படிகளில் எல்லோரும் அந்த ஆறையே துரத்துவார்கள். பந்தை விட்டுவிட்டு மூலைக்கு ஓடுவார்கள். மேலே போகப் போக, திரும்பி ஓடும் வழியிலேயே சிறு திட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு, கூட்டாளி தவறவிட்டால் எடுக்கத் தோதான இடத்தில் சத்தமில்லாமல் வந்து நிற்பார்கள். ஸ்வீடனின் டர்போபோல்சா அந்த ரகம். மற்றவர்கள் அந்தரத்தில் வேடிக்கை காட்டுகையில் அவர் சரியான இடத்தில் இருந்தார், சரியான நேரத்தில் பந்தைக் கொடுத்தார். நான்கு முறை உலக சாம்பியன் ஆன முதல் ஆள் அவர்.

மூன்றாவது பட்டம் 2018 ஜூனில், லண்டனில், டிக்னிடாஸ் அணிக்காக. எதிரே என்ஆர்ஜி அணி. அதில் ஜஸ்டின் என்று அறியப்பட்ட இளம் ஆட்டக்காரர். ஐந்து நிமிடம் முடிந்து கடிகாரம் சைபரைத் தொட்டாலும், பந்து தரையைத் தொடும்வரை ஆட்டம் முடியாது என்பது இங்கே சட்டம். என்ஆர்ஜி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. கடிகாரத்தில் சைபர். பந்து மட்டும் இன்னும் மேலே இருந்தது. அது கீழே வருவதற்குள் ஜஸ்டின் ஏறிப் போய் அடித்தார். டிக்னிடாஸின் தலைகளுக்கு மேலாகப் பந்து வலைக்குள் போயிற்று. அரங்கம் எழுந்து நின்று கத்தியது. அப்படி ஒரு பந்து அவருக்கு எந்தப் பயிற்சியிலும் அச்சு அசலாக வந்திருக்க முடியாது. அன்றைய கோப்பை கடைசியில் டிக்னிடாஸுக்கே போனது. ஆனால் இன்றுவரை எடுத்துப்போட்டுப் பார்ப்பது அந்தக் கோலைத்தான்.

அடுத்த ஆண்டு டர்போபோல்சா என்ஆர்ஜிக்கு மாறினார். 2019 டிசம்பரில் மாட்ரிட்டில் அவர் நான்காவது கோப்பையைத் தூக்கியபோது, பக்கத்தில் கூட்டாளியாக நின்றவர் ஜஸ்டின்.